கரை கசியும் முன்: இதய வால்வு அறுவைக்கு நாள் குறிப்பது எப்படி?

"மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா?" இதய வால்வு கெட்டுப்போனவரிடம் மருத்துவர் முதலில் கேட்பது இதைத்தான். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிப்பதும் நெடுங்காலமாக இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை வைத்துத்தான். கொல்கத்தாவின் கிழக்கு ஓரத்தில் உள்ள சால்ட் லேக்கில் இதைக் கேட்டுப் பார்த்தால் கேள்வியின் பலவீனம் புரிந்துவிடும். ஹூக்ளி ஆற்று வண்டலைக் கொண்டுவந்து உப்பு ஏரியைத் தூர்த்து, யூகோஸ்லாவிய நகரத் திட்ட வல்லுநர் டோப்ரிவோயே டோஷ்கோவிச் வரைந்துகொடுத்த திட்டப்படி எழுப்பிய ஊர் அது. மருத்துவராக இருந்து முதலமைச்சரான பிதான் சந்திர ராயின் பெயரால் பிதான்நகர் என்பது அரசு வைத்த பெயர். தொடக்கத்தில் அங்கே மனை வாங்கி வீடு கட்டியவர்கள் இன்று முதியவர்கள். பிள்ளைகள் பலர் பெங்களூரிலோ கடல் கடந்தோ இருக்கிறார்கள். மாடி அறையைப் பூட்டிவிட்டுக் கட்டிலைக் கீழே இறக்கியாயிற்று. மீனும் காய்கறியும் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகின்றன. மெட்ரோவுக்குப் போனால் லிஃப்ட் இருக்கிறது. இப்படி வாழும் ஒருவர் அந்தக் கேள்விக்கு "இல்லையே" என்றுதான் சொல்வார். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் படி ஏறுவதையே விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

வால்வு நோய் திடீரென்று வந்து தாக்குவதில்லை. ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்ன வட்டத்துக்குள் வாழப் பழக்கிவிடும். "வயசாகிறது இல்லையா" என்று வீட்டாரும் அதை ஏற்றுக்கொள்வார்கள். ஆகவே உடம்பு தாங்காமல் கத்தும்வரை காத்திருப்பது ஆபத்து. அதற்காக, இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் எக்கோ பரிசோதனையின் ரிப்போர்ட்டில் 'சிவியர்' (கடுமை) என்ற ஒரு சொல்லைக் கண்டதும் அறுவை அரங்குக்கு ஓடுவதும் சரியாகாது. அறுவைக்கான நாளைச் சொல்லும் சாட்சி இதயத்தின் தசை. அந்தச் சாட்சியை ஒரே நாளில் கேட்டுவிட முடியாது. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அளந்தால்தான் அது பேசும். நம் நாட்டில் இல்லாமல் போவது அந்தத் தொடர்ச்சிதான்.

மதகு பழுதானால் கரைக்குத்தான் வேலை

ஏரிப் பாசனம் அறிந்த தமிழருக்கு இதைச் சொல்வது எளிது. மதகு அடைத்துக்கொண்டாலும், மூடாமல் நீர் திரும்பி வந்தாலும், அடி விழுவது கரைக்கு. மழைக்காலத்தில் ஏரியைக் காவல் காக்கும் நீர்க்கட்டி மதகை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டார். கரையின் அடியில் ஈரம் கசிகிறதா, எங்காவது புடைத்திருக்கிறதா என்று நடந்து பார்ப்பார். இதயத்தில் நான்கு மதகுகள். ஒரு நாளில் சுமார் ஒரு லட்சம் முறை திறந்து மூடுகின்றன. அவற்றுக்கு வரும் பழுது இரண்டு வகை: சுருங்கிப்போய்ச் சரியாகத் திறக்காமல் இருப்பது, சரியாக மூடாமல் கசிவது. சுருங்கிய மகாதமனி வால்வு வழியே ரத்தத்தைத் தள்ளும் இடது கீழறை, உடற்பயிற்சி செய்யும் கைபோலத் தசை தடித்துப்போகிறது. கசியும் வால்வோடு மல்லுக்கட்டும் கீழறை பலூன்போல விரிகிறது. இரண்டுமே முதலில் சமாளிப்பு, பிறகு தழும்பு, கடைசியில் தளர்ச்சி. உடைந்த ஏரிக்கரையை அடுத்த கோடையில் மண் கொட்டி எழுப்பிவிடலாம். தழும்பேறிய இதயத் தசையை எழுப்ப எந்தக் கோடையும் வராது. புது வால்வு வைத்தபின்னும் சிலருக்கு மூச்சிரைப்பு தீராமல் இருப்பது ஏன் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது: அவர்களுக்கு மதகு மாறியது, கரை ஏற்கெனவே போயிருந்தது.

அப்படியானால் முன்னோடி மருத்துவர்கள் அறிகுறி வரும்வரை காத்திருக்கச் சொன்னது தவறா? அவர்கள் காலத்தில் அது சரி. 1960-ல் டுவைட் ஹார்கன் மகாதமனி வால்வையும், ஆல்பர்ட் ஸ்டார் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வையும் செயற்கையாகப் பொருத்தி வழிதிறந்தபோது, அறுவை மேசையிலேயே இறக்கும் ஆபத்து அதிகம். 1968-ல் ஜான் ராஸும் யூஜின் பிரவுன்வால்டும் மகாதமனி வால்வுச் சுருக்கத்தின் இயல்பான போக்கை ஒரு கோட்டில் வரைந்து காட்டினார்கள். பல ஆண்டுகள் ஏறக்குறையச் சமதளமாகப் போகும் கோடு, நெஞ்சுவலியோ மயக்கமோ மூச்சிரைப்போ தோன்றியதும் செங்குத்தாகச் சரிகிறது. இதயம் தளர்ந்துவிட்டால் சராசரியாக இரண்டு ஆண்டுகூடத் தேறாது. சரிவு தொடங்கியதும் அறுவை, அதுவரை பொறுமை என்ற விதி அப்படிப் பிறந்தது. தராசின் ஒரு தட்டில் நோயின் ஆபத்து, மறு தட்டில் அறுவையின் ஆபத்து. இன்று அனுபவமுள்ள மையங்களில், வேறு பெரிய நோய் இல்லாதவருக்கு வால்வு மாற்றும் அறுவையில் உயிராபத்து நூற்றுக்கு ஓரிருவர் என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. 2002-ல் பிரான்ஸின் ருவான் நகரில் அலென் கிரிபியே நெஞ்சைத் திறக்காமல், ரத்தக்குழாய் வழியாகவே புது வால்வைக் கொண்டுபோய் வைத்துக் காட்டினார். ஒரு தட்டின் எடை இவ்வளவு குறைந்தபின் முள் பழைய இடத்திலேயே நிற்காது.

முந்திக்கொண்டால் என்ன கிடைக்கும்?

இது வெறும் ஊகமாக நிற்கவில்லை, சோதித்துப் பார்த்தார்கள். தென்கொரியாவில் அறிகுறி எதுவும் இல்லாத, ஆனால் வால்வு மிகக் கடுமையாகச் சுருங்கிய 145 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு உடனே அறுவை, மற்றதற்குக் காத்திருப்பு. 2020-ல் வெளியான முடிவின்படி, அறுவையாலோ இதய நோயாலோ இறந்தவர்கள் முதல் பிரிவில் ஒருவர், இரண்டாம் பிரிவில் 11 பேர். 2024-ல் வெளிவந்த 'ஏர்லி டாவர்' ஆய்வு இன்னும் பெரியது. 65 வயது கடந்த, அறிகுறியற்ற 901 பேர். இங்கே குழாய் வழி வால்வு. மரணம், பக்கவாதம், எதிர்பாராமல் இதயக் கோளாறால் மருத்துவமனையில் சேர்வது ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் முந்திக்கொண்ட பிரிவில் 26.8 சதவீதம், காத்திருந்த பிரிவில் 45.3 சதவீதம். காத்திருந்தவர்களில் 87 சதவீதம் பேருக்கு ஆய்வு முடிவதற்குள் வால்வு மாற்றவேண்டி வந்தது. அதிலும் பாதிப் பேருக்கு ஏறக்குறைய 11 மாதத்துக்குள்ளேயே தேவைப்பட்டது. 'இன்னும் பல வருடம் ஓட்டலாம்' என்று நினைப்பவர்கள் கவனிக்கவேண்டிய எண் இது.

ஆனால் அதே ஆய்வின் மறுபக்கத்தையும் படிக்கவேண்டும். மரணத்தை மட்டும் தனியே பிரித்தால் 8.4 சதவீதமும் 9.2 சதவீதமும், வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். அதே ஆண்டில் வந்த 'இவால்வ்டு' என்ற ஆய்வில், இதயத் தசையில் தழும்பு விழுந்திருந்தும் அறிகுறி இல்லாத 224 பேரைப் பரிசோதித்தார்கள். முந்திக்கொள்வதால் மரணமும் மருத்துவமனை சேர்க்கையும் சேர்ந்த கணக்கில் தெளிவான லாபம் தென்படவில்லை. முரண்போலத் தோன்றும் இந்த முடிவுகளைச் சேர்த்து வாசித்தால் ஒரு செய்தி தெளிவாகிறது. இந்த இரு ஆய்வுகளிலும் காத்திருந்தவர்கள் உயிர்க்கணக்கில் ஏன் பெரிதாக நட்டப்படவில்லை? அவர்களைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். அழைப்பு போனது, பரிசோதனை தவறவில்லை, அறிகுறி தலைகாட்டியதும் சிகிச்சை காத்திருந்தது. அந்தக் கவனிப்பு இருக்கும் இடத்தில் காத்திருப்பு ஒரு சிகிச்சை. இல்லாத இடத்தில் அதற்குப் பெயர் கைவிடல். ஆய்வில் கிடைத்த நிம்மதியை, ஆய்வின் கவனிப்பு இல்லாத நோயாளிக்கு நாம் கடன் கொடுக்க முடியாது.

நம் உடம்புக்கு யாருடைய அளவுகோல்?

கசியும் வால்வில் கணக்கு வேறு. மைட்ரல் வால்வு கசியும்போது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தத்தை அழுத்தம் குறைந்த மேலறைக்குள் பின்பக்கமாகத் தள்ளிவிடுகிறது. பின்வாசல் திறந்திருப்பதால் அதற்கு வேலை எளிது. அதனால் ரிப்போர்ட்டில் 'ஈ.எஃப்.' என்று வரும் பம்பிங் திறன் உள்ளதைவிட அழகாகத் தெரியும். மற்றவர்களுக்கு 60 என்றால் சந்தோஷப்படலாம். கடும் மைட்ரல் கசிவு உள்ளவருக்கு 60-ஐத் தொட்டாலே தசை தளரத் தொடங்கிவிட்டது என்று பொருள். சுருங்கிய நிலையில் கீழறையின் குறுக்களவு 40 மில்லிமீட்டரை எட்டினாலும் அப்படித்தான். அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் அறிகுறி இல்லாவிட்டாலும் அந்தக் கட்டத்தில் அறுவை என்று சொல்வது இதனால்தான். "ஈ.எஃப். 60, நார்மல்" என்று நிம்மதியாகக் கோப்பை மூடிவைத்த வீடுகள் எத்தனையோ.

மகாதமனி வால்வுக் கசிவில் இன்னொரு சிக்கல். சுருங்கிய நிலையில் கீழறை 50 மில்லிமீட்டரைத் தாண்டினால் அறுவை என்பது பரவலாகத் தெரிந்த விதி. 50 என்ற அந்த எண் ஆஜானுபாகுவான மேலை உடம்புகளை வைத்துத் தைத்த சட்டை. உடல் பரப்பை வைத்துச் சதுர மீட்டருக்கு 25 மில்லிமீட்டர் என்ற அளவும் வழிகாட்டுதலில் இருக்கிறது; சின்ன உடம்புக்காரர்களுக்கு அதைத்தான் பார்க்கச் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். உடல் பரப்பு 1.9 சதுர மீட்டர் உள்ள ஆணுக்கு எல்லை 47.5. வங்காளத்திலும் தமிழ்நாட்டிலும் சாதாரணமாகக் காணும் 1.5 சதுர மீட்டர் பெண்ணுக்கு எல்லை 37.5. அந்தப் பெண்ணின் அளவு 44 என்று வந்தால், "50 ஆகட்டும், பார்க்கலாம்" என்பவர் எல்லையைத் தாண்டி வெகு தூரம் போனவரைத்தான் காத்திருக்கச் சொல்கிறார். சி.டி. ஸ்கேனில் சுருங்கிய மகாதமனி வால்வின் சுண்ணாம்புப் படிவை எண்ணும்போதும் ஆணுக்கு 2,000, பெண்ணுக்கு 1,200 என்று எல்லை வேறுபடுகிறது. ஒரே எண்ணை எல்லோருக்கும் மாட்டினால் சின்ன உடம்புக்காரர்களும் பெண்களும்தான் தாமதமாகக் கத்திக்குப் போவார்கள்.

அந்த எண்களும் கல்வெட்டு இல்லை. எக்கோ அறையில் நடப்பதைக் கிட்டத்தில் பார்த்தால் இது விளங்கும். நோயாளி இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறார். விலா எலும்புகளுக்கு நடுவே ஜெல் தடவிய கருவியை வைத்து, சுருங்கிய வால்வு வழியே ரத்தம் பாயும் வேகத்தைப் பிடிக்கிறார்கள். தோட்டக் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் நீர் பீய்ச்சுவதுபோல, வால்வு சுருங்கச் சுருங்க வேகம் கூடும். வழக்கமாக நொடிக்கு ஒரு மீட்டர் சொச்சம். 4 மீட்டரைத் தொட்டால் கடுமையான சுருக்கம். வேகத்தை அதே எண்ணால் பெருக்கி, மறுபடி நாலால் பெருக்கினால் அழுத்த வேறுபாடு கிடைக்கும்: 4 மீட்டர் என்றால் 64. கருவி ரத்த ஓட்டத்துக்கு நேர்க்கோட்டில் இல்லாமல் சாய்ந்திருந்தால் வேகம் குறைவாகப் பதிவாகும். வர்க்கக் கணக்கில் அந்தப் பிழை பெருத்துவிடும். வால்வின் பரப்பைக் கணக்கிட அதன் கீழே உள்ள பாதையின் விட்டம் வேண்டும். அது 20 மில்லிமீட்டர் என்று இருக்க, திரையில் புள்ளி வைப்பவரின் கை 18 என்று அளந்துவிட்டால், பரப்பு கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். 1.1 சதுர சென்டிமீட்டர் என்று வரவேண்டியது 0.9 ஆகும். 1.0 என்பதுதான் 'சிவியர்' என்ற கோடு! இரண்டு மில்லிமீட்டர், நெல்மணியின் அகலம்கூட இல்லை, ஒருவரைக் கோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தூக்கிப் போட்டுவிடுகிறது. அதனால்தான் ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்கக்கூடாது. ஒரே இடத்தில், முடிந்தால் ஒரே கையால், ஆண்டுதோறும் எடுத்த அளவுகளை வரிசையாக வைத்தால் பிழை அமுங்கிப் போக்கு மேலே தெரியும். சந்தேகம் இருந்தால் மருத்துவர் மேற்பார்வையில் டிரெட்மில்லில் நடக்கவைக்கலாம். "எனக்கு ஒன்றுமில்லை" என்றவரின் ரத்த அழுத்தம் ஏறவேண்டிய நேரத்தில் இறங்கினால், அவர் வாய் சொல்லாததை உடம்பு சொல்லிவிட்டது.

மாற்று வாதங்கள்

"தனியார் மருத்துவமனைகளுக்கு இதைவிட நல்ல சேதி வேண்டுமா? சீக்கிரம் அறுத்துவிடு என்கிறீர்களே" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான பயம். ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து, தள்ளிப்போடுவதில் இல்லை. அளவுகளைக் கேட்டு வாங்குவதில் இருக்கிறது. வேகம் எவ்வளவு, கீழறை எவ்வளவு, என் உடல் பரப்புக்கு அது எவ்வளவு, போன முறையைவிட என்ன மாறியிருக்கிறது என்ற நான்கு கேள்விகளுக்கு எண்ணோடு பதில் சொல்ல முடியாதவர் நாள் குறிக்கக்கூடாது. வணிக நோக்கத்தில் வரும் அவசரமும், அக்கறையின்மையில் வரும் தாமதமும் இந்த நான்கு கேள்விகளுக்கு முன்னால் ஒன்றுபோலத் தடுமாறும்.

இரண்டாவது எதிர்ப்பு இதைவிடக் கனமானது. வால்வு மாற்றினால் நோய் தீர்வதில்லை. ஒரு நோய்க்குப் பதில் இன்னொன்று வாங்குகிறோம். இயந்திர வால்வு வைத்தவர் ஆயுள் முழுக்க வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையா மாத்திரை சாப்பிட்டு, ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் 'ஐ.என்.ஆர்.' பரிசோதனை செய்துகொண்டே இருக்கவேண்டும். அளவு குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும். கூடினால் மூளையில் கசியும். புதிதாக வந்த மாத்திரைகள் இயந்திர வால்வுக்கு ஒத்துவரவில்லை. திசு வால்வுக்கு அந்தத் தொல்லை குறைவு, ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தேய்ந்துவிடும். இளையவர்களுக்கு இன்னும் சீக்கிரம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ்.வலியத்தான் குழு உருவாக்கிய சித்ரா வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டு, டி.டி.கே. நிறுவனத்தின் தயாரிப்பாக லட்சம் பேருக்கு மேல் போய்ச் சேர்ந்ததால் வால்வின் விலை ஏழைக்கு எட்டியது. விலை எட்டினாலும் மாத்திரையின் கட்டுப்பாடு குறையவில்லை. ஆகவே மகாதமனி வால்வு லேசாகவோ நடுத்தரமாகவோ சுருங்கியவரை முன்கூட்டியே அறுப்பது தவறு. சொந்த வால்வைப் பழுதுபார்க்க முடியுமா என்பதை முதலில் பார்க்கவேண்டும். முடியும் என்றால் முந்திக்கொள்ளும் வாதம் வலுக்கிறது, மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் பொறுமையின் வாதம் வலுக்கிறது.

இந்தியாவில் இந்தத் தராசு அதிகம் ஆடுவது இளம்பெண்கள் விஷயத்தில். மேலைநாடுகளில் வால்வு நோய் முதுமையின் நோய். இங்கே தொண்டைப் புண்ணில் தொடங்கி, ருமாட்டிக் காய்ச்சலாகி, மைட்ரல் வால்வைச் சுருக்கும் நோய் பள்ளி வயதிலேயே பிடித்துக்கொள்கிறது. 1963-ல் சுஜய் ராய், வி.ராமலிங்கசுவாமி உள்ளிட்டோர் 'லான்செட்' இதழில் இந்தியாவின் இளம்வயது மைட்ரல் சுருக்கத்தைப் பற்றி எழுதி உலகின் கவனத்தை ஈர்த்தார்கள். இந்த வகைச் சுருக்கத்துக்கு, வால்வின் அமைப்பு இடம்கொடுத்தால், ஜப்பானின் கான்ஜி இனோவே உருவாக்கிய பலூனைச் செலுத்தி ஒட்டிய இதழ்களைப் பிரித்துவிடலாம். நெஞ்சைத் திறக்கவேண்டாம், சொந்த வால்வும் பிழைக்கும். வால்வின் பரப்பு 1.5 சதுர சென்டிமீட்டருக்குக் கீழே போய், மூச்சிரைப்பும் தொடங்கிவிட்டால் தயங்க ஒன்றுமில்லை. இவர்களுக்கு நாட்காட்டியில் இன்னொரு கெடுவும் இருக்கிறது: கர்ப்பம். அப்போது ரத்தத்தின் அளவு நாற்பது, ஐம்பது சதவீதம் ஏறும், துடிப்பும் கூடும். சுருங்கிய வால்வு வழியே ரத்தம் இறங்க நேரம் போதாமல் நுரையீரலில் தேங்கும். அதுவரை எந்தத் தொந்தரவும் இல்லாத பெண் திடீரென மூச்சுத் திணறுவார். முன்பே இயந்திர வால்வு வைத்திருந்தாலோ வார்ஃபரின் கருவைத் தாக்கும், நிறுத்தினால் தாயைத் தாக்கும். எனவே இவர்கள் விஷயத்தில் முடிவெடுக்கவேண்டிய இடம் பிரசவ அறைக்கு வெகு முன்னால் இருக்கிறது. கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று நோயை மறைக்கும் குடும்பம், அந்த நாளைத் தானே தள்ளிப்போடுகிறது.

பணம் எந்த நாளில் வருகிறது?

மேற்கு வங்காளச் சுகாதாரத் துறையின் தலைமையகமான ஸ்வாஸ்த்ய பவன் இருப்பது சால்ட் லேக்கின் ஐந்தாம் செக்டாரில். 2016-ல் அந்த மாநிலம் தொடங்கிய ஸ்வாஸ்த்ய சாத்தி திட்டம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை காப்பீடு தந்தது. அட்டையைக் குடும்பத் தலைவியின் பெயரில் கொடுத்தது நல்ல யோசனை. தமிழ்நாட்டில் 2009-லேயே கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. இந்தத் திட்டங்களால் கடன் வாங்காமல் வால்வு மாற்றிக்கொண்ட ஏழைகள் உண்டு. அதைக் குறைத்துச் சொல்லமுடியாது. ஆனால் இவை அடிப்படையில் மருத்துவமனையில் சேர்ந்தபின் திறக்கும் பணப்பை. ஆண்டுதோறும் எக்கோ எடுக்கப் போகும் ஆளுக்குப் பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் கையை விட்டுத்தான் போகும். வழிகாட்டுதல்படி கடும் சுருக்கம் உள்ளவருக்கு 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை, நடுத்தரமானவருக்கு ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை எக்கோ வேண்டும். அறுவை நாளில் லட்சங்களைத் தரும் அரசு, அந்த நாளைச் சரியாகக் கண்டுபிடிக்க உதவும் சில நூறு ரூபாயைத் தராவிட்டால், நோயாளி எப்போதும் கரை உடைந்தபின்தான் வந்து சேர்வார். ஏரிக்கு மதகு வாங்கப் பணம் ஒதுக்கிவிட்டு நீர்க்கட்டிக்குச் சம்பளம் தராமல் விட்ட கதை இது.

காட்பாடி ரயில் நிலையத்தில் வந்திறங்கும் வங்காளக் குடும்பங்களைத் தமிழர்கள் நன்கு அறிவார்கள். வேலூர் சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள லாட்ஜுகளிலும் மருந்துக் கடைகளிலும் வங்க எழுத்துப் பலகைகள் தொங்குவது அவர்களுக்காகத்தான். ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் ஒருவரிடம் "ஆறு மாதம் கழித்து எக்கோ எடுத்துப் பார்ப்போம்" என்று சொல்வது, மருத்துவமாகச் சரி, வாழ்க்கையாகப் பாதிதான் சரி. அவர் திரும்பி வருவாரா, ஊரில் எடுக்கும் எக்கோ ஒப்பிடத் தகுந்ததாக இருக்குமா என்பதும் முடிவின் ஒரு பகுதி. வரமுடியாது என்று உறுதியாகத் தெரிந்தால், கோட்டுக்கு மிக அருகில் நிற்பவரை இந்தப் பயணத்திலேயே அறுவைக்கு எடுப்பதில் நியாயம் உண்டு. அதேபோல, ஐ.என்.ஆர். பார்க்க ஊரில் வசதி இல்லாதவருக்கு இயந்திர வால்வைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் இருமுறை யோசிக்கவேண்டும். வழிகாட்டுதல் புத்தகம் வால்வைப் பற்றிச் சொல்லும். நோயாளியின் ரயில் டிக்கெட்டைப் பற்றி மருத்துவர்தான் கேட்கவேண்டும்.

முதியவர்கள் பக்கம் திரும்பினால், "எண்பது வயதில் எதற்கு?" என்ற கேள்வி எழும். வயது தனியாக எதையும் தீர்மானிப்பதில்லை. தானே எழுந்து நடமாடி, தன் கணக்கைத் தானே பார்க்கும் எண்பது வயதுக்காரருக்குக் குழாய் வழி வால்வு பல நல்ல ஆண்டுகளைத் தரலாம். பல உறுப்புகள் தளர்ந்து படுக்கையில் இருக்கும் எழுபது வயதுக்காரருக்கு மிக உயர்ந்த வால்வும் ஒன்றும் தராது. அங்கே வேண்டாம் என்று சொல்வதும் நல்ல மருத்துவம்.

சால்ட் லேக் வீட்டின் கீழ்த்தள அறையில் இருக்கும் அந்த முதியவரிடம் கேட்கவேண்டிய கேள்வியை இப்போது மாற்றிக்கொள்ளலாம். மூச்சு வாங்குகிறதா என்று கேட்டால் "இல்லையே" என்பார். போன துர்கா பூஜைக்குச் செய்த எந்த வேலையை இந்தப் பூஜைக்குச் செய்யவில்லை என்று கேட்டுப் பாருங்கள். பந்தலுக்கு நடந்து போகவில்லை, மாடியில் கொடி கட்டித் துணி காயப்போடவில்லை என்று பக்கத்தில் இருக்கும் மனைவி சொல்வார். அந்தப் பட்டியலையும், தேதிவாரியாக அடுக்கிய பழைய எக்கோ ரிப்போர்ட்டுகளையும் ஒரே பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துப் போகட்டும். அறுவைக்கான நாள் பெரும்பாலும் அந்தப் பைக்குள்ளேயே இருக்கும்.